வால்வு இல்லாமல் வால்வின் குரல்

ரேடியோவிலிருந்து வால்வு என்ற வெற்றிடக் குழாய் போய்விட்டது. தொலைக்காட்சி, தொலைபேசி நிலையம், கணினி என்று ஒவ்வோர் இடமாகக் காலி செய்துகொண்டே போனது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அடுத்த கால் நூற்றாண்டுக்குள் அது நுழையாத கருவி இல்லை. மின்கிதார் வாசிப்பவர்களோ இன்றும் கண்ணாடிக் குழாய்களைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார்கள். தூக்க முடியாத எடை, உயிருக்கே உலை வைக்கக்கூடிய நானூறு வோல்ட், தேய்ந்தால் மாற்ற வேண்டிய குழாய்கள், கூடுதல் விலை, இத்தனையையும் பொறுத்துக்கொண்டு. கிதாரின் பெருக்கிகளான ஆம்ப்களுக்குக் குழாய் செய்து தரும் பெரிய ஆலைகள் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யக் குழாய்களின் வரத்து ஆட்டம் கண்டபோது, ஆம்ப் தயாரிப்பாளர்கள் அத்தனை பேருக்கும் அடிவயிறு கலங்கியது.

ஏன் இந்தப் பிடிவாதம்? மற்ற துறைகளில் பெருக்கியின் வேலை, வந்த ஒலியை உருக்குலைக்காமல் பெரிதாக்குவது. அந்த வேலையில் டிரான்சிஸ்டர் வால்வை எப்போதோ தோற்கடித்துவிட்டது. கிதார்காரருக்கு வேண்டியதோ உருக்குலைவுதான். ஆம்பைத் தாங்கும் எல்லைக்கு மேல் திணறவிடும்போது எழும் அந்தக் கரகரப்பு, நீளும் நாதம், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப மாறும் குணம் இவையே அந்த வாத்தியத்தின் குரலாகிவிட்டன. இதையே சிலிக்கனால் செய்ய முடியுமா என்பது கேள்வி. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாகப் பலரும் பல வழிகளில் விடை எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இது: தோற்றவர்களில் பெரும்பாலோர் வால்வின் உள்ளீட்டு-வெளியீட்டு வளைகோட்டை நகலெடுத்தார்கள். நெருங்கி வந்தவர்கள், வால்வைச் சுற்றியிருக்கும் மின்சுற்று நேரம் செல்லச் செல்ல என்ன செய்கிறது என்று கவனித்தார்கள்.

டிஸ்டார்ஷன் எனப்படும் இந்த உருக்குலைவின் பிறப்பே பழுதில்தான். 1951இல் மெம்ஃபிஸில் பதிவான ‘ராக்கெட் 88’ பாடலில் கேட்பது சேதமடைந்த ஓர் ஆம்பின் ஒலி. 1958இல் ‘ரம்பிள்’ வாசித்த லிங்க் ரே ஸ்பீக்கர் காகிதத்தில் துளையிட்டார். 1964இல் ‘கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன எல்பிகோ ஆம்பின் ஸ்பீக்கரைப் பிளேடால் கீறினார். நம் கேள்விக்கு மிக நெருக்கமானது 1961வாக்கில் நாஷ்வில்லில் நடந்தது. மார்ட்டி ராபின்ஸின் பாடலொன்றைப் பதிவு செய்யும்போது கலவைப் பலகையின் ஒரு சேனல் பழுதாகி, பாஸ் கிதாரின் ஒலி கிழிந்துபோய் வந்தது. அதை அப்படியே பாட்டில் விட்டுவிட்டார்கள். ஒலிப்பொறியாளர் க்ளென் ஸ்நாடி அந்தக் கிழிசலை டிரான்சிஸ்டர்களால் செய்துபார்த்தார். அதையே கிப்சன் நிறுவனம் 1962இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெடலாக விற்றது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ அதை உலகமெங்கும் கேட்கவைத்தது. ஆக, திடநிலை மின்னணுவியல் கிதாருக்குள் நுழைந்ததே ஒரு பழுதின் ஒலியைத் திரும்பச் செய்வதற்காக. ஆனால் அது வால்வு ஆம்பின் ஒலி அல்ல, வேறொன்று.

வால்வு ஆம்பின் டிஸ்டார்ஷனுக்கு இலக்கணம் எழுதப்பட்டது அதே சமயத்தில் லண்டனில். ஜிம் மார்ஷலின் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சுற்றை அடியொற்றி ஜேடிஎம்45 என்ற ஆம்பைக் கட்டினார்கள். 1966இல் ஜான் மேயாலின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் மார்ஷல் ஆம்ப் ஒன்றை முழு ஒலியில் வைத்து வாசித்தபோது, இனி கிதார் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறை முடிவு செய்துவிட்டது. அதே ஆண்டுவாக்கில் ஃபெண்டர் தன் முதல் டிரான்சிஸ்டர் ஆம்ப்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவை எடுபடவில்லை. மெல்ல வாசித்தால் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு நெருடல். பலமாக வாசித்தால் அலையின் தலை கத்தியால் சீவியதுபோல் வெட்டுப்படும். சூடேறினால் டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோகும். பெயர் கெட்டது அப்போதுதான். இன்றுவரை கிதார் கடைகளில் ‘டிரான்சிஸ்டர் ஆம்ப்’ என்றாலே சற்று இளக்காரமாகப் பார்ப்பதற்கு அந்தச் சில ஆண்டுகள்தான் காரணம்.

இந்த வேறுபாட்டுக்கு அறிவியல் விளக்கம் தேடியவர்கள் எல்லோரும் கைநீட்டும் ஆவணம், ரஸ்ஸல் ஹாம் 1973 மே மாதம் ஒலிப்பொறியியல் சங்க இதழில் எழுதிய கட்டுரை. மிகைச்சுமையில் வால்வுச் சுற்று இரண்டாம் ஹார்மோனிக்கைத் தூக்கலாகத் தருகிறது, டிரான்சிஸ்டர் சுற்று மூன்றாவதைத் தருகிறது என்பது அதன் சாரம். இரண்டாம் ஹார்மோனிக் என்பது வாசித்த சுரத்தின் மேல் ஸ்தாயி, காதுக்கு இதமானது. ‘இரட்டைப்படை இனிக்கும், ஒற்றைப்படை கசக்கும்’ என்ற நம்பிக்கை அங்கிருந்து பரவியது. இன்றும் விளம்பரங்களில் அது வாழ்கிறது.

அந்தக் கட்டுரைமேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதன்மேல் ஏற்றப்பட்ட சுமை அதிகம். ஹாம் ஆராய்ந்தது ஒலிப்பதிவுக்கூட மைக்ரோஃபோன் முன்பெருக்கிகளை. கிதார் ஆம்பை அல்ல. கிதார் ஆம்பின் கடைசிக் கட்டத்தில் 6எல்6 அல்லது இஎல்34 குழாய்கள் இரண்டோ நான்கோ எதிரெதிராக இணைக்கப்பட்டு, ஒன்று தள்ள ஒன்று இழுக்க வேலை செய்கின்றன. இப்படிச் சமச்சீராக அமைந்த சுற்றில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று அழித்துவிடும், எஞ்சுவது ஒற்றைப்படைதான். முழு ஒலியில் அலறும் மார்ஷலில் ஒற்றைப்படை நிறையவே இருக்கிறது, யாருக்கும் அது கசக்கவில்லை. அதுபோலவே ‘வால்வு மென்மையாக வெட்டும், டிரான்சிஸ்டர் கடுமையாக வெட்டும்’ என்பதும் பாதி உண்மைதான். டிரையோடு வால்வின் ப்ளேட் மின்னழுத்தம் அதன் மின்னோட்டத்தை உள்ளிருந்தே கட்டுப்படுத்துவதால், அது பெரும்பகுதி தூரம் நேர்க்கோட்டிலேயே ஓடுகிறது. வளைகோட்டை மட்டும் வரைந்து வைத்துப் பார்த்தால் அதில் பெரிய மாயம் எதுவும் தென்படாது.

மாயம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, இரண்டு டிரையோடுகள் அடங்கிய 12ஏஎக்ஸ்7 குழாயின் ஒரு பாதியை எடுத்துக்கொள்வோம். ப்ளேட்டில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓம், அதன் குறுக்கே 25 மைக்ரோஃபாரட். ஃபெண்டரின் பழைய ஆம்ப்களில் திரும்பத் திரும்ப வரும் கட்டமைப்பு இது. ஏறக்குறைய 1 மில்லியாம்பியர் ஓடுவதால், கேத்தோடு ஒன்றரை வோல்ட் அளவில் உயர்ந்து நிற்கும். அதாவது சிக்னலைப் பெறும் கிரிட் முனை அதைவிட ஒன்றரை வோல்ட் கீழே இருக்கும்; இந்த இடைவெளியே பயாஸ். வரும் சிக்னல் அந்த அளவைத் தாண்டாதவரை கிரிட் மின்னோட்டம் எதையும் இழுக்காது. தாண்டிவிட்டால் கிரிட்டும் கேத்தோடும் ஒரு டையோடாக மாறிவிடும். கிரிட் மின்னோட்டத்தை விழுங்கத் தொடங்கும்.

முந்தைய கட்டத்திலிருந்து சிக்னல் 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக இந்தக் கிரிட்டுக்கு வருகிறது. கிரிட்டிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர். கிரிட் விழுங்கும் அந்த நொடியில் கெப்பாசிட்டருக்கு மின்னூட்டம் ஏறுகிறது. முந்தைய கட்டத்தின் வெளியீட்டுத் தடை 40 கிலோ ஓம் அளவில் இருப்பதால், ஏற ஏறக்குறைய 1 மில்லிநொடி போதும். ஆனால் இறங்குவதற்கு இருக்கும் வழி அந்த 1 மெகா ஓம் மட்டும். அதன் நேர மாறிலி 22 மில்லிநொடி. கிதாரின் தடித்த கம்பியின் கீழ் ‘ஈ’ சுரம் 82 ஹெர்ட்ஸ். ஓர் அலைக்கு 12 மில்லிநொடி. ஆக, ஓர் அலை உச்சியில் விழுந்த அடியின் தடம் அடுத்த இரண்டு அலைகள் கடந்தும் முழுமையாக அழியாது. அத்தனை நேரமும் வால்வின் பயாஸ் கீழே தள்ளப்பட்டிருக்கும். அலையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சமமாக வெட்டுப்படாமல், வெட்டின் இடம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

வாசிப்பவர் கையில் இது எப்படித் தெரியும்? பிக் கம்பியில் பட்டவுடன் ஒலி சற்று அமுங்கி, பிறகு மலரும். அமுங்கும்போது ஹார்மோனிக்குகளின் கலவை ஒன்று, மலரும்போது வேறொன்று. ஒரே சுரத்துக்குள் குரல் மாறிக்கொண்டே போகிறது. அளவு மீறினால் இதே நிகழ்ச்சி நோயாகவும் மாறும்: வால்வு சில மில்லிநொடிகள் முழுவதுமாக அடைத்துக்கொண்டு, ஒலி விட்டுவிட்டு வரும். மார்ஷல் சுற்றுகளில் கட்டங்களுக்கு இடையே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் நிற்கின்றன. கிரிட்டுக்குள் பாயும் மின்னோட்டத்தை அவை மட்டுப்படுத்துவதால் அந்த அடைப்பு அடங்குகிறது. 2203 மாடலில் ஒரு கட்டத்தின் கேத்தோடில் 1.5க்குப் பதிலாக 10 கிலோ ஓம் வைத்து, வேண்டுமென்றே அந்த வால்வைப் பட்டினி போட்டிருக்கிறார்கள். அது அலையின் ஒரு பக்கத்தை முன்கூட்டியே வெட்டிவிடும். ஒவ்வொரு கட்டமும் அலையைத் தலைகீழாகப் புரட்டுவதால், அடுத்த கட்டத்தில் மறுபக்கம் வெட்டுப்படும். இப்படிப் படிப்படியாக, வடிகட்டிகளின் ஊடே, நினைவோடு நடக்கும் வேலை அது.

இதற்குப் பக்கத்தில் இரண்டு சிலிக்கன் டையோடுகளைத் தரைக்கு எதிரெதிராக இணைத்த பெடலை வைத்துப் பாருங்கள். 0.6 வோல்ட் அளவில் வெட்டும். பத்து மில்லிநொடிக்கு முன் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. எப்போதும் ஒரே வெட்டு. டையோடின் வளைகோட்டை எவ்வளவு மென்மையாக்கினாலும் இந்த மறதி தீராது.

கிதார்காரர் ஒற்றைச் சுரத்தோடு நிற்பதுமில்லை. 110 ஹெர்ட்ஸ் ‘ஏ’ சுரத்தையும் 165 ஹெர்ட்ஸ் ‘ஈ’ சுரத்தையும் சேர்த்து வாசித்தால், உருக்குலைவு அவற்றின் வித்தியாசமான 55 ஹெர்ட்ஸையும் உண்டாக்கும். அது ‘ஏ’யின் கீழ் ஸ்தாயி, அதனால்தான் ராக் இசையின் இரட்டைச் சுரக் கோர்வைகள் அத்தனை கனமாக ஒலிக்கின்றன. மூன்றாம் சுரத்தைச் சேர்த்தால் 28 ஹெர்ட்ஸ் அளவில் கலங்கல்தான் மிஞ்சும். ஆகவே வெட்டுவதற்கு முன் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உள்ளே விடுகிறோம், வெட்டிய பின் எதை வடிகட்டுகிறோம் என்பது வெட்டும் பொருளைவிட முக்கியம்.

இதைத் தெளிவாகப் புரிந்துகொண்ட திடநிலைச் சுற்று, ஜப்பானில் 1970களின் இறுதியில் சுசுமு தமுரா வடிவமைத்த ட்யூப் ஸ்க்ரீமர் பெடல். அதில் டையோடுகள் தரைக்கு இல்லை. ஆப்-ஆம்பின் பின்னூட்டப் பாதையில் இருக்கின்றன. அதனால் வெட்டுப்பட்ட அலையோடு மூல அலையும் எப்போதும் கொஞ்சம் சேர்ந்தே வெளிவரும். 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபாரடும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்துவிடுகின்றன; கீழ்ச்சுரங்கள் அதிகம் வெட்டுப்படாமல் தப்பிக்கின்றன. பெயரில் ட்யூப் இருந்தாலும் வால்வைப்போல் அது நடிப்பதில்லை என்பது என் கருத்து. ஸ்டீவி ரே வான் போன்றவர்கள் அதை வால்வு ஆம்பின் முன்னால் வைத்து, அந்த ஆம்பை இன்னும் திணறவைக்கவே பயன்படுத்தினார்கள்.

வால்வு நின்ற இடத்திலேயே வேறொன்றை நட்டுவைக்கும் வழி ஜேஃபெட் டிரான்சிஸ்டருடையது. இதற்கும் கிரிட் போலக் கட்டுப்படுத்தும் கேட் என்ற முனை உண்டு, மின்னழுத்தத்தால் இயங்கும், உள்ளீட்டுத் தடை மிக அதிகம். அதன் மின்னோட்டம் மின்னழுத்தத்தின் இருபடியைத் தொடர்கிறது. டிரையோடோ ஒன்றரைப் படியைத் தொடர்கிறது. சோர்ஸ் ரெசிஸ்டரின் அளவைத் தேர்ந்து வைத்தால் ஜேஃபெட்டையும் ஒன்றரைப் படிக்கு அருகே கொண்டுவரலாம் என்று 2004இல் டிமிட்ரி டான்யுக் காட்டினார். வீட்டில் பெடல் செய்பவர்கள் பலர் ஜே201 கொண்டு மார்ஷல், ஃபெண்டர் முன்பெருக்கிகளை அப்படியே 9 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜேஃபெட்டின் கேட் முன்னோக்கிச் சாய்ந்தால் அதுவும் டையோடாக மாறி மின்னோட்டம் இழுக்கும் என்பது கூடுதல் வரம். காப்பிடப்பட்ட கேட் கொண்ட மாஸ்ஃபெட்டுக்கு அது கிடையாது. தொல்லை என்னவென்றால், ஒரே பையில் வாங்கிய இரண்டு ஜே201கள் ஒன்றுபோல் நடக்காது. ஒவ்வொன்றுக்கும் டிரிம்மரைத் திருகிப் பயாஸ் வைக்க வேண்டும். 300 வோல்ட்டில் ஆடும் அலைக்கு 9 வோல்ட்டில் இடமும் போதாது. கட்டங்களுக்கு இடையே எவ்வளவு குறைத்து அனுப்புவது என்பதை முதலிலிருந்து கணக்கிட்டாக வேண்டும். சுற்றுப்படத்தில் வால்வை அழித்து ஜேஃபெட் வரைந்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது.

முன்பெருக்கியோடு நின்றுவிட்டவர்கள் பாதிக் கிணறு தாண்டியவர்கள். மீதிப் பாதி, ஸ்பீக்கரை இயக்கும் கட்டத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரின் மேல் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும், அதன் ஒத்ததிர்வு இடத்தில், 100 ஹெர்ட்ஸை ஒட்டி, அது பல மடங்கு உயரும்; மேல் அதிர்வெண்களிலும் படிப்படியாக ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்ப் கடுமையான எதிர்ப் பின்னூட்டத்தால் தன் வெளியீட்டுத் தடையைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கும். ஸ்பீக்கரின் ஏற்ற இறக்கத்தை அது சட்டை செய்யாது. வால்வு ஆம்பின் பென்டோடு கட்டம், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, உயர்ந்த வெளியீட்டுத் தடையோடு ஸ்பீக்கரைப் பார்க்கிறது. எனவே ஸ்பீக்கரின் தடை உயரும் இடங்களில் ஒலியும் உயர்கிறது: கீழே ஒரு கனம், மேலே ஒரு பளபளப்பு. 50 வாட் வால்வு ஆம்ப் 50 வாட் டிரான்சிஸ்டர் ஆம்பைவிடச் சத்தமாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், சதுர அலைக்கு அதே உயரமுள்ள சைன் அலையைவிட இரண்டு மடங்கு திறன். வால்வு ஆம்பை வெட்டுப்படும் வரை தயங்காமல் ஓட்டுகிறோம், மற்றதை ஓட்டுவதில்லை.

இதற்கான திடநிலை மருந்து வியக்கத்தக்க அளவு மலிவானது. ஸ்பீக்கரின் தரைப்பக்கத்தில் ஓர் ஓமுக்கும் குறைந்த ரெசிஸ்டரை வைத்து, அதில் விழும் மின்னழுத்தத்தைப் பின்னூட்டமாகத் திருப்பிவிட்டால், ஆம்பின் வெளியீட்டுத் தடை உயர்ந்துவிடும். 1990களின் பல ஆம்ப்களில் இது வழக்கமானது. நான் இந்தத் துறையில் மிகவும் மதிப்பவை, அதற்கும் அடுத்த படி ஏறியவர்களின் காப்புரிமைகள். பீவி நிறுவனத்தின் ஜாக் சாண்டர்மேயர் 1980களிலிருந்தே இதில் உழைத்தார். வால்வுக் கடைக்கட்டம் அலையை அமுக்கும் விதத்தைக் குறைக்கடத்தியால் செய்யும் அவருடைய ஆய்வுகள், ‘ட்ரான்ஸ்ட்யூப்’ என்ற பெயரில் பாண்டிட் போன்ற சாதாரண விலை ஆம்ப்களுக்குள் வந்தன. எரிக் பிரிட்சார்ட் கிரிட் மின்னோட்டத்தையும் பயாஸ் நகர்வையும் டிரான்சிஸ்டரால் செய்துகாட்டும் சுற்றுகளுக்கு 1990களில் காப்புரிமை பெற்று, அவற்றைக் கொண்டே ஆம்ப்களும் கட்டினார். ரெக்டிஃபையர் வால்வு பலத்த அடியில் தளர்ந்து மின்னழுத்தம் சரிவதைக்கூடத் திடநிலையில் செய்ய முடியும். ஒரு ரெசிஸ்டரும் பொருத்தமான கெப்பாசிட்டரும் பாதி வேலையைச் செய்துவிடும். இவர்களின் வேலைக்குக் கிடைக்க வேண்டிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

ஸ்பீக்கரையும் மறக்கக் கூடாது. பன்னிரண்டு அங்குலக் கிதார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் வேகமாக ஊமையாகிவிடும். எந்த டிஸ்டார்ஷன் பெடலையும் நேரடியாக மிக்சரில் செருகிக் கேட்டால், தகர டப்பாவில் அடைத்த வண்டுபோல் இரையும். அந்த இரைச்சலை விழுங்கிக்கொள்வது ஸ்பீக்கர்தான். ‘பாஸ்டன்’ குழுவின் டாம் ஷோல்ஸ் 1982இல் கொண்டுவந்த ராக்மேன், நியூயார்க்கின் டெக் 21 நிறுவனம் 1989இல் வெளியிட்ட சான்ஸ்ஆம்ப் இரண்டுமே ஒலி வெட்டோடு ஸ்பீக்கரின் வடிகட்டலையும் சேர்த்துச் செய்ததால் வென்றன.

இலக்கமுறை வழி தனிக் கட்டுரைக்குரியது. இங்கே இரண்டு வார்த்தை. 1998இல் லைன் 6 வெளியிட்ட பாட், 2011இல் வந்த கெம்பர் என்று அது வேகமாக வளர்ந்தது. ஆய்வாளர்கள் பாக்கரினெனும் யேவும் 2009இல் எழுதிய ஆய்வுத் தொகுப்பு அதுவரையிலான முறைகளை ஒழுங்காக அடுக்கித் தருகிறது. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தினர் 2019 முதல் நரம்பணு வலைகளைக் கொண்டு இதைச் செய்துவருகிறார்கள். கெப்பாசிட்டரின் நினைவைக் கணக்கில் வைப்பது மென்பொருளுக்கு எளிது. அதன் தலைவலி வேறு: நொடிக்கு 44,100 மாதிரி எடுக்கும் கருவியில் 3,000 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஒன்பதாம் ஹார்மோனிக்கான 27,000 ஹெர்ட்ஸுக்கு இடமில்லை. அது மடங்கி 17,100 ஹெர்ட்ஸாக, சுருதிக்குச் சம்பந்தமில்லாமல் வந்து நிற்கும். அதனால் வெட்டும் இடத்தில் மட்டும் மாதிரி வேகத்தைப் பல மடங்கு கூட்டுகிறார்கள்.

திடநிலை ஆம்ப் எப்போதும் வால்வின் நிழலாகவே இருக்க வேண்டியதில்லை. 1975இல் வந்த ரோலண்டின் ஜேசி-120 தெளிந்த ஒலிக்காகவே கொண்டாடப்படுகிறது. பி.பி. கிங் லேப் சீரிஸ் எல்5 என்ற டிரான்சிஸ்டர் ஆம்பை விரும்பி வாசித்தார். பான்டெராவின் டைம்பேக் டேரல் 1990களில் ராண்டலின் டிரான்சிஸ்டர் ஆம்பில் எடுத்த அந்த இறுகிய, கூரிய ஒலியை எந்த வால்வும் அவருக்குத் தந்திருக்காது.

வால்வைப்போல் ஒலிக்கிறது என்று உரிமை கொண்டாடுபவற்றை எப்படிச் சோதிப்பது? பெரும்பாலான ஒப்பீடுகள் நம்பத்தக்கவை அல்ல. ஒன்றின் ஒலி மற்றதைவிட ஒரு டெசிபெல் கூடினாலே அது ‘இனிமையாக’ இருப்பதாகத் தோன்றும். ஸ்பீக்கர் பெட்டி வேறாக இருந்தால் ஒப்பீடே வீண். ஒரே பெட்டி, சமமான ஒலி அளவு, எது எதுவென்று வாசிப்பவருக்கே தெரியாத ஏற்பாடு இவை குறைந்தபட்சத் தேவைகள். பதிவைக் கேட்பவர் மட்டும் தீர்ப்பளித்தால் போதாது. விரலுக்கு ஆம்ப் எப்படி விடை சொல்கிறது என்பது வாசிப்பவருக்கே தெரியும்.

இவற்றில் மிகக் கடுமையான சோதனை, கிதாரின் வால்யூம் குமிழைப் பத்திலிருந்து ஐந்துக்கு இறக்குவது. நல்ல வால்வு ஆம்ப் கரகரப்பை உதிர்த்துவிட்டுத் தெளிவாகப் பேசும், பளபளப்பும் குறையாது. பல டையோடு பெடல்கள் இந்த இடத்தில் மங்கிப்போகின்றன. இதில் தேறிவிடும் சுற்றுகளில் ஒன்று, வால்வைப் பின்பற்றவே முயலாத 1966ஆம் ஆண்டின் ஃபஸ் ஃபேஸ் பெடல். மொத்தமே இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள். அதன் உள்ளீட்டுத் தடை சில கிலோ ஓம் மட்டுமே என்பதால், கிதாரின் பிக்கப் சுருளும் வால்யூம் குமிழும் அந்தச் சுற்றின் உறுப்புகளாகவே ஆகிவிடுகின்றன. குமிழைச் சற்றே இறக்கினாலும் டிரான்சிஸ்டர் வேறு நிலைக்கு வந்துவிடுகிறது. கிதாருக்கும் அதற்கும் நடுவே ஒரு பஃபர் பெடலை வைத்தால், டிரான்சிஸ்டர்கள் அதேதான், அந்தக் குணம் மட்டும் போய்விடும்.